திசுவுக்குச் சாரக்கட்டு: இழையா, ஜெல்லா, ரெசினா, பொடியா?

முதுநிலை மாணவர்களின் ஆய்வுத் திட்டம் தொடங்கும் பருவம் வந்தால் ஒரே கேள்வி பல பக்கங்களிலிருந்து வரும். கிண்டியிலிருந்து ஒருவர், காட்டாங்குளத்தூரிலிருந்து ஒருவர், போரூரில் பல் மருத்துவ முதுநிலை படிக்கும் ஒருவர். "திசுப் பொறியியலுக்கு முப்பரிமாண அச்சில் சாரக்கட்டு செய்யப் போகிறேன். எந்த இயந்திரம் வாங்கலாம்?"

இயந்திரத்திலிருந்து தொடங்கினால் எல்லாம் தலைகீழாகிவிடும் என்பது என் கருத்து. சாரக்கட்டு என்பது செல்கள் பற்றிப் படர்ந்து திசுவாகத் திரளும்வரை தாங்கி நிற்கும், துளைகள் நிறைந்த தற்காலிகச் சட்டகம். அதை எப்படிச் செய்வது என்பதற்கு முன்னால் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: அச்சிடும்போதே செல்களைப் பொருளோடு கலக்கப் போகிறீர்களா, வெறும் சட்டகத்தை அச்சிட்டுவிட்டுப் பிறகு செல்களை விதைக்கப் போகிறீர்களா? பாதை இங்கேதான் பிரிகிறது. உருக்குவது, லேசரால் சுடுவது, கரைப்பானில் கழுவுவது எதுவும் உயிருள்ள செல்லோடு ஒத்துவராது. செல்லைக் கலந்தே அச்சிடுவதென்றால், பாதித் தேர்வுகள் அப்போதே கழிந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

முதலில் வலு. (பாஸ்கல் என்பது விறைப்பை அளக்கும் அலகு; கிலோ, மெகா, கிகா ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் ஆயிரம் மடங்கு.) எலும்பின் உட்புறப் பஞ்சுப் பகுதியின் விறைப்பு சில பத்து மெகாபாஸ்கலிலிருந்து சில நூறு மெகாபாஸ்கல்வரை இருக்கும். வெளிப்புறக் கெட்டி எலும்பு 10 கிகாபாஸ்கலைத் தாண்டும். குருத்தெலும்பு ஏறக்குறைய 1 மெகாபாஸ்கல். கல்லீரல் போன்ற மென்திசு சில கிலோபாஸ்கல்தான். இலக்குத் திசு எது என்று எழுதிவிட்டால் பொருளும் பெருமளவு முடிவாகிவிடும்.

அடுத்தது துளை. செல்லுக்கு ஆக்சிஜன் போய்ச் சேரும் தூரம் 100 முதல் 200 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதற்குள் ரத்தக் குழாயோ, ஊட்டநீர் ஓடும் வழியோ இருந்தாக வேண்டும். எலும்புக்கு 100 மைக்ரான் துளை குறைந்தபட்சம் என்றும், ரத்தக் குழாய்கள் ஊடுருவ 300 மைக்ரானுக்கு மேல் நல்லது என்றும் பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதும் முக்கியம். நுண்ணோக்கிப் படத்தில் அழகாகத் தெரியும் துளை உள்ளே மூடிக்கிடந்தால் பயனில்லை.

மூன்றாவது, கரைந்துபோகும் காலம். உடலில் கரையும் பிளாஸ்டிக்கான பாலிகாப்ரோலாக்டோன், அதாவது பிசிஎல், உடலில் முழுதும் மறைய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். லாக்டிக், கிளைகாலிக் அமிலங்கள் சரிபாதியாகச் சேர்ந்த பிஎல்ஜிஏ பிளாஸ்டிக் ஓரிரு மாதங்களில் சிதையும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டைச் செரிக்கும் நொதி நம் உடலில் கிடையாது. அது அயனிப் பரிமாற்றத்தால்தான் மெல்லத் தளரும்.

கிருமிநீக்கம், பாடநூலில் கடைசி அத்தியாயத்தில் வருவதால் பலரும் கடைசியில் நினைக்கும் விஷயம். ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கலத்தின் 121 டிகிரியில் பிசிஎல் உருகிக் குட்டைபோல் தேங்கிவிடும். முப்பரிமாண அச்சில் பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் வளைந்து சிதையும். 70 சதவீத எத்தனாலும் புற ஊதா விளக்கும் ஆய்வுக்கூடச் சோதனைக்குப் போதுமே தவிர, அது முழுமையான கிருமிநீக்கம் ஆகாது. புற ஊதா ஒளி உள்துளைகளை எட்டுவதே இல்லை.

கடைசியாக நம் ஊரின் வெப்பமும் ஈரப்பதமும். வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரையில் "அறை வெப்பநிலை" என்று இருந்தால் 22 டிகிரி என்று படியுங்கள். சென்னையில் ஏசி இல்லாத அறையின் மே மாத வெப்பநிலை வேறு.

## உருக்கி இழுக்கும் இழை

இடியாப்ப உழக்கின் தத்துவம்தான். பிசிஎல் அல்லது பிஎல்ஏவை உருக்கி நுண்ணிய முனை வழியாக அழுத்தி, ஒரு அடுக்கு கிழக்கு மேற்காக, அடுத்த அடுக்கு வடக்கு தெற்காக என்று குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவது. இந்த அச்சு முறையைக் கண்டுபிடித்த ஸ்காட் கிரம்ப் பெற்ற காப்புரிமை 2009இல் காலாவதியானதும் இயந்திரத்தின் விலை சரிந்தது. இன்று உதிரிபாகங்கள் சென்னை ரிச்சி தெருவிலேயே கிடைக்கின்றன.

கணக்கும் எளிது. 400 மைக்ரான் இழைகளை, மையத்துக்கு மையம் 800 மைக்ரான் இடைவெளியில் வைத்தால் 400 மைக்ரான் துளை கிடைக்கும். ஏறத்தாழ 60 சதவீதம் வெற்றிடம். அடுக்குகள் ஒன்றில் ஒன்று கொஞ்சம் அழுந்துவதால் உண்மையில் இன்னும் குறையும். எலும்புக்கு இது போதும். சிங்கப்பூரில் இதே முறையில் உருவான பிசிஎல் மண்டையோட்டுத் துளைமூடிக்கு 2006லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது. மனித உடலுக்குள் போய் நிரூபித்த முறை என்பது இதன் பெரிய பலம்.

குறைகளுக்கு வருவோம். கடையில் விற்கும் வண்ண பிஎல்ஏ இழையில் நிறமியும் வேறு சேர்மானங்களும் இருக்கும். என்ன சேர்ந்திருக்கிறது என்று பொட்டலத்தில் எழுதியிருக்காது. செல் ஆய்வுக்கு அதைத் தொடாதீர்கள். மருத்துவத் தர பிசிஎல்லின் விலை அதனோடு ஒப்பிட முடியாதது. பித்தளை முனையில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும். துருப்பிடிக்காத எஃகு முனைக்கு மாறிவிடுங்கள். பிசிஎல் இழை மென்மையானது. நீண்ட குழாய் வழியாகத் தள்ளும் இயந்திரத்தில் பாதி வழியில் மடிந்து சிக்கிக்கொள்ளும். நேரடியாக முனைக்கு மேலேயே தள்ளும் அமைப்போ, குருணையைச் சூடேற்றிக் காற்றழுத்தத்தில் தள்ளும் தலையோ வேண்டும்.

பிசிஎல் 60 டிகிரியில் உருகினாலும் உடனே இறுகாது. அறை சூடாக இருந்தால் கீழடுக்கின் இரண்டு இழைகளுக்கு நடுவே பாலம்போல் நிற்க வேண்டிய மேலடுக்கு தொய்ந்து, துளையைப் பாதி மூடிவிடும். மேலிருந்து பார்த்தால் கட்டம் கட்டமாகக் கச்சிதமாகத் தெரியும். பிளேடால் குறுக்கே வெட்டிப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் தொய்வு தெரியும். அந்தப் பக்கவாட்டுப் படம் இல்லாத ஆய்வறிக்கையை நான் நம்புவதில்லை. இன்னொன்று: முடித்த மாதிரிகளை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கதவடைத்த கார் 60 டிகிரியை எட்டிவிடும்.

இதைவிடப் பெரிய மறைமுகச் செலவு விதைப்பு. பிசிஎல் நீரை ஒட்டவிடாது. சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்தோ பிளாஸ்மா என்னும் மின்னேற்ற வாயுவில் காட்டியோ மேற்பரப்பை மாற்ற வேண்டும். அதன் பிறகும் 50 மைக்ரோலிட்டர் செல் கலவையைச் சொட்டினால், 400 மைக்ரான் துளைகள் வழியாக நேரே வழிந்து தட்டின் அடியில் போய் நிற்கும். செல்கள் தட்டில் செழிப்பாக வளரும். சாரக்கட்டு காலியாக இருக்கும். மாணவர் தட்டோடு சேர்த்து அளந்துவிட்டு வளர்ச்சி பிரமாதம் என்று எழுதுவார். செல் ஒட்டாத தட்டைப் பயன்படுத்துங்கள். உலர்ந்த சாரக்கட்டில் குறைந்த அளவு கலவையைச் சொட்டி, ஓரிரு மணி நேரம் ஒட்டவிட்டு, அதன் பிறகு ஊடகத்தை, அதாவது செல் வளர்க்கும் ஊட்டநீரை, ஊற்றுங்கள். அளக்கும்போது சாரக்கட்டை வேறு குழிக்கு மாற்றிவிட்டு அளக்கவும்.

## செல்லோடு அச்சிடும் ஜெல்

எல்லோருக்கும் ஆசை இதன்மேல்தான். ஆல்ஜினேட், ஜெலட்டின், உடலின் இணைப்புத் திசுப் புரதமான கொலாஜன் போன்றவற்றில் செல்களைக் கலந்து ஊசிமுனை வழியாகப் பிழிவது. எந்தச் செல் எங்கே இருக்க வேண்டும் என்று இடம் குறித்து வைக்க முடிவது இதன் தனிச்சிறப்பு. மென்திசு, ரத்தக் குழாய், இரண்டு மூன்று வகைச் செல்கள் அருகருகே இருக்க வேண்டிய மாதிரி என்றால் வேறு நல்ல வழி இல்லை.

சென்னைக்கும் கொலாஜனுக்கும் பழைய உறவு உண்டு. கொலாஜனின் மூன்றிழைச் சுருள் வடிவத்தை ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் வெளியிட்டது சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்துதான். அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கொலாஜன் ஆய்வு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. கொலாஜனைப் பிரித்தெடுக்கவும் சோதிக்கவும் யோசனை கேட்க, ஊரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

ஆனால் செலவு? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த முறைக்கென்றே சொன்னதுபோல் இருக்கும். ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி செல்கள் என்பது வழக்கமான அடர்த்தி. மேல் அளவை எடுத்தால், 2 மில்லிலிட்டர் அச்சிட 2 கோடி செல்கள் வேண்டும். மனித ஸ்டெம் செல்கள் ஒரு டி-75 வளர்ப்புக் குடுவையில் பத்து இருபது லட்சம்தான் தேறும். ஒரே ஒரு அச்சுக்குப் பத்துக் குடுவைகளுக்குக் குறையாது; அதை மூன்று முறை திரும்பச் செய்து காட்டினால்தான் முடிவு செல்லும். ஊடகம், சீரம், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், ஞாயிற்றுக்கிழமையும் வந்து ஊடகம் மாற்றும் ஆள் எல்லாவற்றையும் கூட்டினால் இயந்திரத்தின் விலை சின்னத் தொகையாகத் தெரியும். ஏற்கெனவே செல் வளர்ப்பு ஒழுங்காக ஓடும் ஆய்வுக்கூடம் அல்லாத எவரும் இதில் இறங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை.

வெப்பநிலைச் சிக்கலும் இதில்தான் மிகுதி. ஜெலட்டின் சுமார் 30 டிகிரிக்குக் கீழேதான் கெட்டியாக நிற்கும். ஏசி நின்ற அறையில் முனையிலிருந்து நூலாக இறங்க வேண்டிய கலவை சொட்டுச் சொட்டாக விழுந்து, தட்டில் வட்டமாகப் பரவிவிடும். பத்து நிமிட மின்தடையே போதும். ஜெல்லைக் குளிரூட்டும் பொதியுறையும் குளிர்ந்த அச்சுத் தட்டும் கூடுதல் வசதி என்று விலைப்பட்டியலில் தனியாகப் போட்டிருப்பார்கள்; நம் ஊரில் அவை அடிப்படைத் தேவை. ஜெலட்டின் குழம்புக்குள் மிதக்கவிட்டு அச்சிடும் ஃப்ரெஷ் முறையை கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஃபைன்பெர்க் குழு 2015இல் வெளியிட்டது. மென்மையான கொலாஜனைக்கூட வடிவம் கெடாமல் அச்சிட்டு, 37 டிகிரிக்குச் சூடேற்றினால் தாங்கிய குழம்பு உருகி வழிந்துவிடும். அருமையான யோசனை. அதே காரணத்தால் நம் அறையில் அந்தக் குழம்பு முன்கூட்டியே இளகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் இரண்டு. ஆல்ஜினேட்டில் செல் பற்றிக்கொள்ள இடமில்லை. ஜெலட்டினோ, பற்றுதலுக்கான பெப்டைடோ சேர்க்காவிட்டால் செல்கள் உருண்டையாகவே இருக்கும். முனை குறுகக் குறுகக் கோடு மெலிதாகும். செல்லின் மேல் உராய்வழுத்தமும் ஏறும். அச்சிட்ட உடனே எடுத்த உயிர்ப்புச் சோதனையை மட்டும் காட்டுகிறவர்களிடம் மறுநாள் படத்தையும் கேளுங்கள். அடிபட்ட செல் உடனே சாவதில்லை.

## ஒளியில் இறுகும் ரெசின்

தொட்டியில் உள்ள திரவத்தின் மேல் 405 நானோமீட்டர் ஒளியைப் படமாகக் காட்டி அடுக்கடுக்காக இறுக வைப்பது. நுட்பத்தில் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் வர முடியாது. 50 மைக்ரான் அளவு நுணுக்கம் மேசை இயந்திரத்திலேயே சாத்தியம். ஜைராய்டு போன்ற வளைந்தோடும் துளை வடிவங்களுக்கு இதுதான் சரி.

பலரும் தடுமாறும் இடம் ரெசின். பல் மருத்துவத்துக்கென "உயிர் இணக்கம்" முத்திரையோடு விற்கும் ரெசினை வாங்கிச் சாரக்கட்டு செய்கிறார்கள். அது கரையாது, உடலுக்குள் பதிப்பதற்காகச் செய்ததும் அல்ல. ரெசினில் இறுகாத அக்ரிலேட் வேதிப்பொருள் உள்ளே தங்கியிருந்தால் மெதுவாகக் கசிந்து செல்லைக் கொல்லும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பலமுறை கழுவி, மேலும் ஒளி காட்டி, ஊடகத்தில் ஊறவைத்து, அந்த ஊறலை ஐஎஸ்ஓ 10993-5 என்னும் பன்னாட்டு நச்சுச் சோதனை முறைப்படி செல்லில் சோதியுங்கள். உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு என்று பொருள். துளை நுணுக்கமாக ஆக ஆகக் கழுவுவதும் கடினமாகும். நுட்பத்துக்காக வாங்கிய இயந்திரம், அந்த நுட்பத்தாலேயே உங்களைச் சிரமப்படுத்தும்.

ஜெலட்டினிலிருந்து செய்யும் ஜெல்மா போன்ற ஒளி இறுகு ஜெல்லைப் போட்டால் செல்லோடும் அச்சிடலாம். ஒளி தேவைக்கு மேல் ஆழமாகப் பாயாமல் தடுக்க ஒரு சாயம் வேண்டும். 2019இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் மில்லர் குழு அதற்குப் பயன்படுத்தியது டார்ட்ராசின், நம் இனிப்புகளில் மஞ்சள் நிறத்துக்குச் சேர்க்கும் அதே சாயம். ஆனால் தொட்டி நிறைய ஜெல்மா ஊற்ற வேண்டும். அச்சாவது அதில் சிறு பகுதி. மீதியைச் செல்லோடு சேர்த்து நாளைக்கு எடுத்து வைக்க முடியாது.

## லேசரில் சுடும் பொடியும் மற்றவையும்

பொடிப் படுக்கையை லேசரால் சுட்டு இணைக்கும் முறைக்கு, அச்சிடும்போது முட்டுக்கொடுக்கும் தாங்கிகள் தேவையில்லை; சிக்கலான உருவம் எளிதாக வரும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2012இல் ஒரு கைக்குழந்தையின் சரிந்த மூச்சுக்குழாயைத் தாங்கிப் பிடிக்க ஸ்காட் ஹாலிஸ்டரும் கிளென் கிரீனும் வைத்த பிசிஎல் கவசம் இப்படித்தான் செய்யப்பட்டது. கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு இது கட்டுப்படியாகாது. சின்ன மாதிரிக்கும் படுக்கை நிறையப் பொடி வேண்டும். சூட்டில் இருந்த பொடியை அப்படியே மறுபடி பயன்படுத்தினால் தரம் குறையும். துளைக்குள் அடைந்த பொடியை வெளியேற்றுவது தனி வேலை. உங்களுக்கு வேண்டியது டைட்டானியப் பின்னல் என்றால், உலோக அச்சு நிறுவனத்திடம் கோப்பைக் கொடுத்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

கால்சியம் பாஸ்பேட் பசையைப் பிழிந்து உலையில் சுடுவது எலும்புக்கு வேதியியல் ரீதியாக மிக நெருக்கமானது. சுடும்போது சுருங்கும் என்பதால் அளவை முன்பே பெரிதாக்கிக் கொடுக்க வேண்டும். அழுத்தத்தைத் தாங்கினாலும் வளைத்தால் உடையும்.

உயர் மின்னழுத்தத்தில் உருகிய பிசிஎல்லைச் சில மைக்ரான் இழையாக எழுதும் முறை 2011இல் அறிமுகமானது. படலம்போன்ற திசுக்களுக்கு அழகாகப் பொருந்தும். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி இல்லாமல் நவம்பர் மாதச் சென்னையில் முயலவேண்டாம்.

## ஒரே பார்வையில்

| முறை | பொருந்தும் திசு | செல்லோடு அச்சிட | பணம் கரையும் இடம் |
|---|---|---|---|
| உருக்கிய இழை | எலும்பு, குருத்தெலும்புச் சட்டகம் | முடியாது | மருத்துவத் தர மூலப்பொருள், மேற்பரப்பு மாற்றம், விதைப்பு |
| ஜெல் | மென்திசு, பலவகைச் செல் மாதிரி | முடியும் | செல் வளர்ப்பு, குளிரூட்டல் |
| ஒளி ரெசின் | நுண்ணிய, வளைந்த துளை வடிவம் | ஜெல்மாவில் மட்டும் | கழுவுதல், நச்சுச் சோதனை, தொட்டியில் வீணாகும் ஜெல்மா |
| லேசர்ப் பொடி | தாங்கி இல்லாத சிக்கலான உருவம் | முடியாது | பொடி, இயந்திரம் |

## யார் எதை எடுக்கலாம்

எட்டு ஒன்பது மாதத்தில் ஆய்வறிக்கை தர வேண்டிய முதுநிலை மாணவர், திசு எலும்பு: யோசிக்காமல் இழை. எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட் கலந்த பிசிஎல், இரண்டு துளை அளவு, அழுத்தச் சோதனை, ஒரு செல் வகை. அதிலேயே கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன. கூடவே உப்பைக் கரைத்துத் துளை உண்டாக்கும் பழைய முறையிலும் சில மாதிரிகள் செய்து ஒப்பிடுங்கள். அச்சு இல்லாமலே அதே முடிவு வருமானால் அதையும் எழுத வேண்டும். தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

முனைவர் பட்டத்துக்கு மூன்று நான்கு ஆண்டுகள் கையில் உள்ளவர், பக்கத்து அறையில் செல் வளர்ப்பு ஓடுகிறது என்றால் ஜெல் பக்கம் போகலாம். ஜெல் மட்டும் நிற்காது என்று தோன்றினால், பிசிஎல் சட்டகத்தின் இடைவெளியில் செல் கலந்த ஜெல்லை நிரப்பும் கலப்பு முறை இருக்கிறது. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகக் குழு 2016இல் காதுமடல், தாடை எலும்பு வடிவங்களை அப்படித்தான் அச்சிட்டது. வலுவை ஒன்றும், உயிரை மற்றொன்றும் பார்த்துக்கொள்ளும். விதைப்பில் வழிந்தோடும் தொல்லையும் தீரும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

பல் மருத்துவப் பிரிவில் ரெசின் இயந்திரம் ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அறுவைக்கு முன் பார்க்கும் மாதிரிக்கும், பிசிஎல் வார்க்க அச்சு செய்யவும் அதைப் பயன்படுத்துங்கள். கரைய வேண்டிய சாரக்கட்டுக்கு வேண்டாம்.

நோயாளியிடம் கொண்டு போகும் எண்ணம் இருந்தால் செல் இல்லாத சாரக்கட்டின் பாதை நேரானது. மருத்துவக் கருவிகள் விதிகள் 2017இன் கீழ் வரும். ஸ்டெம் செல் சேர்த்த உடனே 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகளையும் பார்க்க வேண்டிவரும். கிருமிநீக்கத்தையும் அப்போதே முடிவு செய்யுங்கள். பிசிஎல்லுக்கு எத்திலீன் ஆக்சைடு வாயு என்றால் 55 டிகிரிச் சுழற்சி உருகுநிலைக்கு மிக அருகில் போகும். 37 டிகிரிச் சுழற்சி தர முடியுமா என்று மருத்துவமனைக் கிருமிநீக்கப் பிரிவில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காமா கதிர் என்றால் 25 கிலோகிரே வழக்கமான அளவு. பிசிஎல் ஓரளவு தாங்கும், பிஎல்ஏவின் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபடும். ஆகவே வலுச் சோதனையைக் கதிர் காட்டிய மாதிரியில்தான் செய்ய வேண்டும். விலங்குச் சோதனை உண்டென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே மாதங்கள் ஓடும். இயந்திரம் வாங்கும் கோப்பு மேலே போகும் அன்றே அந்த விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள்.